ரத்தான பள்ளித் தேர்வுகள்: சிங்கப்பூர்ப் பெற்றோரும் மாணவரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொவிட்-19 கிருமிப்பரவலால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பல தேர்வுகள் ரத்தாயின. அப்போது நான் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எனக்கும் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர் இருந்தனர். பெற்றோர் தொலைபேசியில் என்னிடம் கேட்ட கேள்விகளையும், மாணவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்டவற்றையும் நினைவிலிருந்து திரட்டி, என் பதில்களுடன் இங்கே தருகிறேன். அவற்றில் சில, தேர்வு ரத்தாகாத ஆண்டுகளிலும் வேறு காரணங்களுக்காகக் கேட்கப்படுகின்றன.

சிங்கப்பூரில் எந்தத் தேர்வுகள் ரத்தாயின? எவை நடந்தன?

இதில் இன்றும் குழப்பம் இருக்கிறது. ரத்தானவை பள்ளிகள் தாமே நடத்தும் தேர்வுகள். தேசியத் தேர்வுகள் நடந்தன. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாடு முழுவதும் கிருமிமுறியடிப்புக் கட்டுப்பாடுகள் நடப்பில் இருந்தன. ஏப்ரல் 8 முதல் எல்லாப் பள்ளிகளும் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. அவ்வாண்டின் அரையாண்டுத் தேர்வுகள் அனைத்தும் ரத்தாயின. ஜூன் விடுமுறை முன்னதாகவே, மே 5 முதல், விடப்பட்டது. ஆனால், தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வான பிஎஸ்எல்இயும், சாதாரண நிலை, மேல்நிலைத் தேர்வுகளும் பாதுகாப்பு இடைவெளியுடனும் முகக்கவசத்துடனும் நடந்தேறின. ஜூன் தொடக்கத்தில் நடக்கவிருந்த தாய்மொழி எழுத்துத் தேர்வு மட்டும் சில வாரங்கள் தள்ளிவைக்கப்பட்டது.

2021இல் டெல்டா வகைக் கிருமி பரவியபோது, செப்டம்பர் 27 முதல் தொடக்கநிலை 1 முதல் 5 வரையிலான மாணவர்கள் மறுபடியும் வீட்டிலிருந்து கற்றனர். தொடக்கநிலை 6 மாணவர்களுக்கு எழுத்துத் தேர்வுக்கு முன் வீட்டில் இருந்து படிக்கச் சில நாள் இடைவெளி தரப்பட்டது. செப்டம்பர் 30 அன்று அவர்கள் முதல் தாளை எழுதினார்கள். பழைய மொத்தப் புள்ளிகளுக்குப் பதிலாக அடைவுநிலை முறை பிஎஸ்எல்இக்கு முதன்முறையாக வந்ததும் அதே ஆண்டில்தான். அந்தப் பிள்ளைகள் சுமந்த பாரம் சிறிதல்ல. தொடக்கநிலை 3, 4 மாணவர்களின் ஆண்டிறுதித் தேர்வுகள் அவ்வாண்டு ரத்தாயின.

தேசியத் தேர்விலிருந்து சில பாடப்பகுதிகளை நீக்கினார்களே, அவற்றைப் படித்த நேரம் வீண்தானே?

வகுப்பில் கற்கும் நேரம் குறைந்ததால், ஆண்டின் கடைசியில் நடத்தப்படும் பாடப்பகுதிகளைத் தேசியத் தேர்வுகளில் கேட்பதில்லை என்று கல்வி அமைச்சு முடிவெடுத்தது. துணைப்பாட (டியூஷன்) வகுப்பில் முன்கூட்டியே அவற்றை முடித்துவிட்ட மாணவர்களுக்கு இது அநீதியாகத் தோன்றியது. ‘நான் ஒழுங்காகப் படித்தேன், படிக்காதவனுக்குச் சலுகை’ என்று ஒரு மாணவி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும், வீட்டில் ஒரே அறையில் நால்வர் புழங்க, இணையம் அடிக்கடி அறுந்துபோக, பாடத்தின் பாதியைத் தவறவிட்ட அவளுடைய வகுப்புத்தோழனின் நிலையையும் அவளிடம் எடுத்துச் சொன்னேன். நீக்கப்பட்ட பகுதி அடுத்த ஆண்டுப் பாடத்துக்கு அடித்தளமாக இருக்கக்கூடும் என்பதால், அதைப் படித்தவர்கள் எதையும் இழக்கவில்லை. அந்த ஆண்டு படிக்காமல் விட்டவர்கள்தாம் உயர்நிலை முதலாம் வகுப்பில் கவனமாக இருக்க வேண்டியிருந்தது.

தேர்வு ரத்து என்று கேட்டதும் என் மகன் அழுதான். மகிழ்ச்சியடைய வேண்டிய பிள்ளை ஏன் அழ வேண்டும்?

இதற்கு என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். 2021இல் என் மகன் தொடக்கநிலை 4. ஆண்டிறுதித் தேர்வுக்காகக் கணக்குப் பயிற்சி ஏட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அதில் கட்டங்கள் வரைந்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்த வில்லைகளால் ஒட்டிவைத்திருந்தான். ஒவ்வொரு நாளும் படித்து முடித்ததும் ஒரு கட்டத்துக்குப் பச்சை நிறம் தீட்டுவான். பள்ளி பெற்றோருக்குத் தகவல் அனுப்பும் பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் செய்தி வந்த மாலையில் நான் அடுப்படியில் நின்றிருந்தேன். “தேர்வு இல்லையாம், போய் விளையாடுப்பா” என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். அவன் அந்தத் தாளின் முன்னால் வெகுநேரம் நின்றான். பிறகு, “அப்போ இந்தக் கட்டத்தையெல்லாம் என்னம்மா செய்யறது?” என்று கேட்டான். எனக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்ததே தவிர, மனத்தில் விழவில்லை. மறுநாள் காலையில் பால் எடுக்கக் கதவைத் திறக்கப் போனபோது, மீதமிருந்த கட்டங்கள் அனைத்தும் பச்சையாக இருந்தன. இரவில் எப்போதோ எழுந்து தீட்டியிருக்கிறான்.

பிள்ளைக்குத் தேர்வு என்பது ஒரு மதிப்பெண் மட்டுமன்று. பட்ட பாட்டை முடித்துவைக்கும் நாளும் அதுதான். அது திடீரென இல்லாமற்போகும்போது, உழைப்பு அந்தரத்தில் தொங்குகிறது. ஆகவே, ‘தொல்லை விட்டது’ என்று நாம் சொல்வது ஆறுதலாக இராது. அவன் எவ்வளவு படித்தான் என்று கேளுங்கள். எந்தப் பாடம் கடினமாக இருந்தது, எதை எழுதிக் காட்ட ஆசைப்பட்டான் என்று கேளுங்கள். நானும் அந்தக் காலையில் அவனை உட்காரவைத்து, ஒவ்வொரு கட்டமாக அந்த நாளில் என்ன படித்தான் என்று சொல்லச் சொன்னேன். அரை மணி நேரத்துக்கு மேல் சொன்னான். பின்னப் பெருக்கலில் தனக்கு இன்னும் ஐயம் இருப்பதை அப்போதுதான் அவனாகவே ஒப்புக்கொண்டான். தேர்வு வைத்திருந்தாலும் அவ்வளவு தெளிவாக எனக்குத் தெரிந்திருக்காது.

என் மகள் நேர்மாறாகத் துள்ளிக் குதிக்கிறாள். படிப்பில் அக்கறை இல்லையோ?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். பயத்தில் இருந்த பிள்ளைதான் விடுபட்டதும் அதிகம் துள்ளும். இரண்டொரு நாள் விட்டுவிடுங்கள். மூன்றாம் நாள் வழக்கமான நேரத்தில் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அப்போதும் மறுத்தால், எந்தப் பாடத்தைத் தொட மறுக்கிறாள் என்று கவனியுங்கள்.

ரத்தான தேர்வின் மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படுகிறது? தொடக்கநிலை 4இல் பாடநிலைப் பரிந்துரை பாதிக்கப்படாதா?

அரையாண்டுத் தேர்வு இல்லாத ஆண்டில், அதற்குரிய பங்கு ஆண்டின் பிற மதிப்பீடுகளுக்கும் ஆண்டிறுதித் தேர்வுக்கும் பிரிந்துபோகும். எந்த அளவில் பிரியும் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும் என்பதால், வகுப்பாசிரியரிடம் நேரடியாகக் கேட்பதே சரி. “என் பிள்ளைக்கு எத்தனை மதிப்பெண் வரும்?” என்று கேட்டால் ஆசிரியரால் பதில் சொல்ல இயலாது; “எந்தெந்த மதிப்பீடுகள் கணக்கில் வரும், அவற்றில் எதில் இவள் தடுமாறினாள்?” என்று கேட்டால் அவர் விரிவாகச் சொல்வார்.

தொடக்கநிலை 4 பெற்றோரின் கவலைக்குக் காரணம் உண்டு. ஐந்தாம் ஆண்டில் எந்தப் பாடத்தை வழக்கமான நிலையில் படிப்பது, எதை அடிப்படை நிலையில் படிப்பது, தாய்மொழியில் உயர்தமிழ் எடுக்கலாமா என்று பள்ளி பரிந்துரைப்பது அந்த ஆண்டின் முடிவில்தான். ஆனால், அந்தப் பரிந்துரை ஒரே ஒரு தாளைப் பார்த்து எழுதப்படுவதில்லை. ஆண்டு முழுவதும் அந்தப் பிள்ளையோடு இருந்த ஆசிரியர்களுக்கு அவளுடைய திறன் தெரியும். பரிந்துரை உங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றாவிட்டால், சந்தித்துப் பேச நேரம் கேளுங்கள்.

பள்ளி தேர்வு வைக்காவிட்டால் என்ன, வீட்டில் நானே வைக்கலாமா?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பொப்புலர் புத்தகக் கடையில் பயிற்சித் தாள்களை வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையில் கைக்கடிகாரத்தை வைத்து, பள்ளி நேரத்தைப் போலவே காலை எட்டு மணிக்குத் தேர்வைத் தொடங்கிய பெற்றோர்களை நான் அறிவேன். அவர்களின் பதற்றம் எனக்குப் புரிகிறது. எல்லாரும் ஓடும்போது நம் பிள்ளை மட்டும் நின்றுவிடுமோ என்னும் அச்சம், இந்தத் தீவில் பிள்ளை வளர்க்கும் யாருக்கும் புதிதல்ல. ஆயினும், என் பதில் வேண்டாம் என்பதே.

வேலை மேசையும் சாப்பாட்டு மேசையும் ஒன்றாகிவிட்ட அந்த மாதங்களில், வீட்டில் பிள்ளைக்கு மிஞ்சியிருந்தது அம்மா, அப்பா என்ற உறவு ஒன்றுதான். அவர்களே தேர்வு மேற்பார்வையாளராகவும் தாள் திருத்துபவராகவும் மாறிவிட்டால், தவறு செய்துவிட்டு ஓடிவந்து சொல்ல அந்தப் பிள்ளைக்கு யாரும் இல்லை. இது முதற்காரணம். இன்னொன்று, கடைத் தாள்கள் உங்கள் பிள்ளையின் பள்ளி எந்தப் பாடம்வரை நடத்தியது என்பதை அறிந்து எழுதப்பட்டவை அல்ல. கற்காத பாடத்தில் கேள்வி கேட்டுவிட்டு நாற்பது மதிப்பெண் என்று சொன்னால், அது உண்மை நிலையைக் காட்டாது.

அதற்குப் பதில், ஆசிரியர் ஏற்கெனவே திருத்திக் கொடுத்த தாள்களை எடுங்கள். பள்ளிப்பையின் அடியில் மடங்கிக் கிடக்கும். சிவப்பு மையில் வட்டமிட்ட தவறுகளில் இரண்டை மட்டும் எடுத்து, “இதை எப்படிச் செய்தாய்?” என்று கேளுங்கள். பிள்ளை விளக்கும்போது எங்கே குரல் தாழ்கிறதோ அங்கேதான் புரியாமை இருக்கிறது. விடையைச் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கே தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று சொல்லி, மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வியை அவள் கையால் எழுதவையுங்கள். அந்த ஒரு வரி, பிழைகள் நிறைந்த பத்துப் பயிற்சித் தாள்களைவிட ஆசிரியருக்குப் பயன்படும்.

துணைப்பாட வகுப்பைக் கூட்டலாமா?

குறிப்பிட்ட ஒரு பாடத்தில் குறிப்பிட்ட ஒரு தடுமாற்றம் இருந்தால் கூட்டலாம். தேர்வு ரத்தானதால் காலியான நேரத்தை நிரப்புவதற்காக வேண்டாம். கட்டணம் சுமையாக இருந்தால், இந்திய மாணவர்களுக்காகச் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா நடத்தும் துணைப்பாடத் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள். குறைந்த கட்டணத்தில் பல வட்டாரங்களில் நடைபெறுகிறது.

வீட்டிலிருந்து கற்றால் தமிழ் பின்தங்கிவிடுமா?

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல விரும்புகிறேன். பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு என்பதே, வெவ்வேறு வகுப்புகளிலிருந்து வரும் ஏழெட்டுப் பிள்ளைகள் ஓர் அறையில் கூடுவதுதான். தமிழாசிரியர் இல்லாத பள்ளி மாணவர்கள் மாலையில் வேறு பள்ளிக்கோ உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ செல்கிறார்கள். வகுப்புகள் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது என்றிருந்த நாள்களில், எங்கள் பாடத்துக்குத்தான் முதலில் இடையூறு வந்தது. அத்தோடு, நாள் முழுவதும் திரையில் ஆங்கிலத்தில் கற்ற பிள்ளை, கணினியை மூடிய பிறகும் ஆங்கிலத்திலேயே பேசியது.

ஆனால், நான் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. ழகரத்தைக் கற்பிக்க வாய் தெரிய வேண்டும். நாக்கு எப்படி மடங்கி மேலண்ணத்தை வருடுகிறது என்று பிள்ளை பார்க்க வேண்டும். 2020 ஜூனில் வகுப்பறைக்குத் திரும்பியபோது எல்லாரும் முகக்கவசத்தில் இருந்தோம். ‘பழம்’ என்று நான் சொன்னதும் பின்வரிசையில் ‘பளம்’ என்று திரும்பியது. திரைவழிப் பாடத்திலோ என் முகம் அவர்களுக்கு உள்ளங்கையளவு தூரத்தில் தெரிந்தது. அதே வாரங்களில் வாசிப்பைப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி அனுப்பிய பதிவில், அவள் வாசிக்க வாசிக்கப் பின்னணியில் கீரை ஆயும் சரசரப்பு கேட்டது. நடுவில் அவளுடைய பாட்டி, “மழைன்னு சொல்லு கண்ணு, நாக்கை மடிச்சு” என்றார். அவள் மறுபடி சொன்னாள். சரியாக வந்தது. நாற்பது வினாடிப் பதிவுதான். ஒரு வாரப் பாடம் அதில் இருந்தது.

பிஎஸ்எல்இ தமிழ் வாய்மொழித் தேர்வில் வாசிப்பும், காணொளியைப் பார்த்து உரையாடுவதும் உண்டு. இரண்டுக்கும் வீட்டுப் பேச்சுதான் பயிற்சி. சமையலறையில், மின்தூக்கியில், சந்தைக்குப் போகும் வழியில் தமிழில் பேசுங்கள். செய்தித் தொலைக்காட்சியில் பார்த்த ஒன்றைப் பற்றிப் பிள்ளையின் கருத்தைக் கேளுங்கள். “ஆமாம், இல்லை” என்று முடியாத கேள்வியாக இருக்கட்டும். தாத்தா, பாட்டி உடன் இருந்தால், இந்தப் பொறுப்பை அவர்களிடம் முழுமையாக ஒப்படைத்துவிடலாம். அவர்களுக்கும் அது பிடிக்கும்.

தேசியத் தேர்வு நாளில் பிள்ளைக்குத் தொற்று ஏற்பட்டால் ஓராண்டு வீணாகிவிடுமா?

இல்லை. உடல்நலமில்லாமையால் ஒரு தாளை எழுத இயலாத மாணவருக்காகப் பள்ளி விண்ணப்பித்தால், சிங்கப்பூர்த் தேர்வு மதிப்பீட்டுக் கழகம் சிறப்புப் பரிசீலனை வழங்குகிறது. அந்தப் பாடத்தில் அவர் எழுதிய மற்றத் தாள்கள், பள்ளியில் அவர் காட்டிய தேர்ச்சி, அதே பள்ளி மாணவர்களின் தேசியத் தேர்வு அடைவு போன்றவை சேர்த்துப் பார்க்கப்படும். அதனால், தேசியத் தேர்வுக்கு முன் பள்ளி நடத்தும் முன்னோடித் தேர்வைப் ‘பள்ளித் தேர்வுதானே’ என்று அலட்சியப்படுத்த வேண்டாம் என்று இறுதியாண்டு வகுப்பினரிடம் நான் எப்போதும் சொல்வேன். காய்ச்சலை மறைத்துக்கொண்டு தேர்வுக்கூடத்துக்கு அனுப்புவது யாருக்கும் நன்மை தராது. மருத்துவச் சான்றிதழைப் பத்திரமாக வைத்து, உடனே பள்ளிக்குத் தெரிவியுங்கள்.

எங்கள் பிள்ளை இந்தியப் பாடத்திட்டத்தில் படிக்கிறாள். அண்ணன் மகன் தமிழ்நாட்டில் இருக்கிறான். ‘ஆல் பாஸ்’ என்று உறவினர்கள் கேலி செய்கிறார்களே?

அங்கே பொதுத்தேர்வுகளே ரத்தாயின. தமிழ்நாட்டில் 2020இல் பத்தாம் வகுப்புக்குக் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்கள் 80 விழுக்காடும் வருகைப்பதிவு 20 விழுக்காடும் கணக்கில் கொள்ளப்பட்டன. 2021இல் பிளஸ் டூ மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றாம் வகுப்பிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு என்று மதிப்பெண் தரப்பட்டது. அதே ஆண்டு சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள், மூன்று வகுப்புகளின் அடைவை 30, 30, 40 என்ற விகிதத்தில் எடுத்துக் கணக்கிடப்பட்டன.  

இந்த எண்களை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம், அவை இனாமாக வந்தவை அல்ல என்று காட்டத்தான். இரண்டு மூன்று ஆண்டு உழைப்பிலிருந்து எடுக்கப்பட்ட மதிப்பெண் அது. எழுதக் காத்திருந்த தேர்வு பறிபோன பிள்ளையைப் பார்த்து ‘கொரோனா பாஸ்’ என்று சொல்வது கொடுமை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது அப்படிச் சொன்னால், பெரியவர் என்று தயங்காமல், வேண்டாம் என்று அங்கேயே சொல்லுங்கள்.

ஒரு கணினி, மூன்று பிள்ளைகள். என்ன செய்வது?

பள்ளியிடம் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். 2020இல் பள்ளிகள் கணினிகளையும் இணையக் கருவிகளையும் இரவல் கொடுத்தன. உயர்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் கிடைக்கச் செய்யும் திட்டம், 2028க்குப் பதிலாக 2021ஆம் ஆண்டு முடிவதற்குள் முடிக்கும்படி முன்னுக்குக் கொண்டுவரப்பட்டதும் அந்த அனுபவத்தால்தான்.

பிள்ளை சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. தேர்வுக் கவலைதானா?

இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தேர்வுக் கவலை என்று நீங்களே பெயர் வைத்துவிடாமல் பள்ளி ஆலோசகரை அணுகுங்கள். தொடக்கப்பள்ளி மாணவர்கள் தாங்களே அழைத்துப் பேச, சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் டிங்கிள் ஃபிரெண்ட் உதவி எண் 1800-2744-788 இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றி ஒரு சொல் வந்தாலும், விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். எந்நேரமும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767ஐ அழைக்கலாம், உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அவசர மருத்துவ வண்டிக்கு 995. எங்கள் தலைமுறையில் ‘மனசு சரியில்லை’ என்று சொன்னால் கோவிலுக்குப் போய்வா என்பார்கள். கோவிலுக்கும் போங்கள், ஆலோசகரையும் பாருங்கள்.

ரத்தான அரையாண்டுத் தேர்வுகள் பிறகு திரும்பி வந்தனவா?

சில வகுப்புகளுக்குச் சிறிது காலம் வந்தாலும் நிலைக்கவில்லை. தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்குக் கிருமிப்பரவலுக்கு முன்பே, 2019 முதல், தேர்வுகள் இல்லை. மற்ற சில வகுப்புகளிலும் அரையாண்டுத் தேர்வுகள் படிப்படியாக நீக்கப்பட்டுவந்தன. எஞ்சிய வகுப்புகளுக்கும் 2023க்குள் நீக்கப்படும் என்று 2022இல் கல்வி அமைச்சு அறிவித்தது. ஆகவே, இன்று மே மாதத்தில் பயிற்சித் தாள் தேடிக் கடைக்கு ஓடும் பெற்றோருக்கு, திருத்திய தாள்களைப் பற்றி மேலே நான் சொன்னது அப்படியே பொருந்தும். பள்ளிப்பையின் அடியில் முதலில் தேடிப்பாருங்கள்.